கந்தரோடையில் நாம் விருந்தினரா, வீட்டுக்காரரா?

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் சென்று, சுன்னாகத்தில் மேற்கே திரும்பினால் கந்தரோடை. பனைகளுக்கும் தோட்டக் காணிகளுக்கும் நடுவே, வேலியடைத்த ஒரு சிறு நிலத்தில், முருகைக்கல்லாலான தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. அனுராதபுரத்து மாபெருந் தூபிகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவை பிள்ளைகள் விளையாட அடுக்கி வைத்தவை போலத் தோன்றும். ஆயினும் 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்து கண்டி வீதி மீண்டும் திறந்த நாள்தொட்டு, குடாநாட்டில் வெளியூரார் தேடி வந்து பார்க்கும் புராதன இடங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

அண்மையில் ஒரு விடுமுறை நாட் காலையில் நாம் அங்கே சென்று நெடுநேரம் நின்றோம். தூபிகளைப் பார்ப்பது நமது நோக்கமன்று. அவற்றை முன்பே பன்முறை பார்த்திருக்கிறோம். பார்க்க வருவோரைப் பார்ப்பதே நமது நோக்கம்.

முதலில் தெற்கிலிருந்து ஒரு பஸ் வண்டி வந்தது. நயினாதீவை வழிபட்டுத் திரும்புகிற கூட்டம். வெள்ளை உடுத்த முதியோர் செருப்பைக் கழற்றி, பூக்களை ஏந்தி, மிகுந்த பயபக்தியோடு உள்ளே சென்றனர். அவர்களோடு வந்த வழிகாட்டி அவர்களுக்கு ஒரு கதை சொன்னார். நஞ்சுக் காளானை உண்டு இறந்த அறுபது அரகந்தரின் நினைவாக எழுந்த தூபிகள் இவை என்பது அந்தக் கதை. அரை மணி நேரத்துக்குள் பஸ் வண்டி புறப்பட்டுவிட்டது. அந்த முதியோரை நாம் குறை கூறமாட்டோம். அவர்கள் மரியாதையோடு வந்தார்கள், மரியாதையோடு சென்றார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் நம்பினார்கள். வேறு எதையும் அவர்களுக்குச் சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை.

அடுத்து ஒரு கார் வந்தது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் குடும்பம். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் தூபிகளின் நடுவே ஓடித் திரிந்துவிட்டு, "இதை ஆர் கட்டினது, அப்பா?" என்று கேட்டான். தகப்பனார் சிறிது தயங்கினார். "அது சிங்கள ஆக்களின்ரை புத்த கோயில், தம்பி. வா, நேரம் போகுது" என்று அவனைக் கையிற் பிடித்து அழைத்துச் சென்றார்.

காளான் கதை நம்மை வருத்தவில்லை. இந்த விடைதான் நம்மை வருத்தியது.

மண் கூறும் வரலாறு

கந்தரோடையின் சிறப்பைப் படித்த உலகுக்கு முதன்முதல் விரிவாக எடுத்துரைத்தவர் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ். ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் அவர் எழுதிய கட்டுரைகள் இவ்வூரின் தூபிகளையும் நாணயங்களையும் மணிகளையும் செம்பாலான மைதீட்டுங் கோல்களையும் அறிமுகஞ் செய்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1966, 1967ஆம் ஆண்டுகளில், தொல்பொருள் திணைக்களம் இங்கே அகழ்ந்து அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தது. இன்று பார்வையாளன் முன்னே முழு உருவில் நிற்கும் குவிமாடங்கள் பிற்காலத் திருத்த வேலையின் பயனாக எழுந்தவை. அவற்றைப் படம் பிடித்துச் செல்வோரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்த ஆய்வாளர் இங்கு வந்தனர். அவர்கள் தூபிகளைத் தோண்டவில்லை. மக்கள் குடியிருந்த மேட்டைத் தோண்டினர். அக்குழுவில் இருந்த விமலா பெக்லி பின்னர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அவர்கள் தோண்டிய குழிகளில், தமிழ்நாட்டின் பெருங்கற்கால ஈமக்காடுகளில் கிடைப்பதை ஒத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் அடிமட்டத்தில் இருந்தன. அதன் மேலே, இந்துமாக்கடல் வாணிகத்தின் அடையாளமாக அறிஞர் கொள்ளும் ரூலெட் மட்பாண்டத் துண்டுகள் இருந்தன. புத்த சமயம் இத்தீவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு முன்னரே கந்தரோடையில் மக்கள் ஊர் அமைத்து வாழ்ந்தனர் என்பதே அந்த ஆய்வு தந்த செய்தி.

அப்பால் 1980ஆம் ஆண்டு வந்தது. கந்தரோடைக்குத் தெற்கே சில மைல் தொலைவில், ஆனைக்கோட்டையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியைக் கண்டனர். அதிற் கிடைத்த உலோக முத்திரையில் குறியீடுகளும் பிராமி எழுத்துக்களும் சேர்ந்திருந்தன. 'கோவேத' என்று அதனை வாசித்த பேராசிரியர் இந்திரபாலா போன்றோர், அது திராவிட மொழிச் சொல் எனக் கருதினர். பொன்னம்பலம் ரகுபதி குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளைப் பற்றித் தாம் நிகழ்த்திய ஆய்வை 1987ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். போருக்குப் பின்னரும் பேராசிரியர் புஷ்பரட்ணம் முதலியோர் கந்தரோடை மண்ணை மீண்டும் ஆராய்ந்தனர்.

இவற்றையெல்லாம் நாம் ஏன் எடுத்துரைக்கிறோம்? வேலிக்குள்ளே இருப்பது கந்தரோடையின் ஒரு மூலை மாத்திரமே என்பதைக் காட்டுவதற்காக. வேலிக்கு வெளியே, வழுக்கையாற்றுப் படுகையை அடுத்து, வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண்ணுக்கு அடியில், ஒரு பெரும் ஊர் உறங்குகிறது. பார்வையாளனுக்கு மூலையைக் காட்டுகிறோம், ஊரைக் காட்டுவதில்லை. ஒரு வீட்டின் பூசையறையை மட்டும் திறந்துவிட்டு, அடுக்களையையும் முற்றத்தையும் களஞ்சியத்தையும் பூட்டி வைத்தால், வந்தவன் அந்த வீட்டாரைப் பற்றி என்ன அறிவான்?

இருவர் செய்யும் தவறு

தென்னிலங்கையில் ஒரு சாரார், புத்த சமயச் சின்னம் கண்ட இடமெல்லாம் சிங்களவர் வாழ்ந்த இடம் என்று முடிவு கட்டுகின்றனர். கந்தரோடையை அவர்கள் கதுருகொட என்பர். அப்பெயர் 'நம்பொத' என்னும் பழைய சிங்கள ஏட்டில் வருகிறது என்பதையும் சான்றாகக் காட்டுவர். நன்று. ஆனால் அதே ஏடு அவ்வூரை எந்தப் பகுதியிற் சேர்த்து எண்ணுகிறது? 'தெமள பட்டண', அதாவது தமிழ்ப் பட்டினம் என்ற தலைப்பின் கீழல்லவா! ஏட்டின் ஒரு சொல்லை ஏற்று மறு சொல்லை மறைப்பது ஆராய்ச்சி ஆகாது.

அவர்கள் செய்வது ஒரு தவறு. நாம் செய்வது இன்னொன்று. புத்தம் என்றால் அது நமதன்று என்று நாமே விலகி நிற்கிறோம். அந்தத் தகப்பனார் தம் மகனுக்குக் கொடுத்த விடை, நமது எதிராளி நம்மிடம் கேட்டுப் பெற விரும்பும் விடையே அன்றோ? ஒருவரும் வற்புறுத்தாமல், நமது வாயாலேயே அதனைக் கொடுத்துவிட்டோம்.

தமிழருக்குப் புத்தம் அந்நியமா? ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை புத்த நூல். 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் இலக்கணத்தை யாத்த புத்தமித்திரனார் பெயரே அவர் சமயத்தைச் சொல்லும். இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் இறையிலியாகக் கொடுக்கப்பட்டது. சைவனாகிய சோழன் விகாரத்துக்கு ஊர் கொடுத்தான். அதனால் அவன் சைவமும் குறையவில்லை, அவன் தமிழும் குறையவில்லை. அந்த நாகப்பட்டினத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் நாம், நம் முன்னோரிலும் புத்தர் இருந்திருப்பர் என்று சொல்ல ஏன் அஞ்சவேண்டும்?

மறுபுறத்தில், மிகைபடக் கூறுவதும் நமக்கு வேண்டாம். கந்தரோடையிற் கிடைத்த மட்பாண்ட ஓடு ஒன்றின் பிராமி எழுத்து பிராகிருத மொழிக்குரியதென்று அறிஞர் கூறுகின்றனர். கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் ஆதிச்சநல்லூரிலும் உண்டு, அனுராதபுரத்தின் அடிமண்ணிலும் உண்டு, பொம்பரிப்பிலும் உண்டு. இந்தத் தீவின் தொன்மை இன்றைய நமது பிணக்குகளுக்குப் பன்னூறு ஆண்டு முந்தியது. அந்த உண்மையை உள்ளவாறு சொல்வதே நமக்கு நன்மை. உண்மை நமக்கு விரோதமாக இல்லாத இடத்தில் நாம் ஏன் ஊமையாக இருக்கவேண்டும்?

கமக்காரரின் அச்சம்

அன்று நாம் வேலியோரமாகச் சற்று நடந்தபோது, அயற் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். கொத்தினால் ஓடு வருமா என்று கேட்டோம். "ஓடும் வரும், மணியும் வரும். அப்பு காலத்திலை காசும் வந்தது" என்றார். எடுத்ததை என்ன செய்வீர்கள் என்றோம். அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். "ஆருக்கும் சொல்லுறேல்லை, தம்பி. சொன்னால் காணிக்குக் கட்டை அடிச்சுப் போடுவாங்கள். வேலியிலை எறிஞ்சுபோட்டு என்ரை பாட்டைப் பாக்கிறன்" என்றார்.

படித்தவர் சிலர் இதனைக் கேட்டு, நாட்டுப்புறத்தானின் அறியாமை என்று நகைக்கலாம். நாம் நகைக்கமாட்டோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்து வெளிப்படும் தொல்பொருள் அரசின் உடைமை. அது பல நாடுகளில் உள்ள நியாயமே. ஆனால் பொருள் அரசுக்குப் போனால் காணியும் போகுமோ என்பதே கமக்காரனின் கேள்வி. முல்லைத்தீவிலே குருந்தூர்மலையைச் சூழ எழுந்த காணிப் பிணக்கை அவர் கேட்டிருக்கிறார். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென அமைத்த சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை என்பதையும் அவர் பத்திரிகையிற் படித்திருக்கிறார். இரண்டு பரப்புக் காணியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர் அவர். அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு.

ஆனால் அந்த அச்சத்தின் விலை யாது? ஒவ்வொரு மழைக்காலத்திலும், உழவு யந்திரம் ஓடும் ஒவ்வொரு போகத்திலும், அத்திவாரம் வெட்டும் ஒவ்வொரு புது வீட்டிலும், நமது வரலாற்றின் ஏடுகள் கிழிந்து வேலியோரத்தில் வீழ்கின்றன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைப் பிறர் எரித்தனர். அதனை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். கந்தரோடை மண்ணிலுள்ள நூலகத்தை நாமே, தீப்பெட்டியின்றி, சிறிது சிறிதாக அழித்து வருகிறோம்.

பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று வாதிடும் நண்பர்களும் உண்டு. புத்தச் சின்னத்தைப் பற்றி நாமே பேசினால், அதைக் காட்டி நிலத்தைக் கேட்பார்களே என்பது அவர்கள் வாதம். நாம் அவர்களைக் கேட்கிறோம்: நாம் பேசாதிருந்ததால் பஸ் வண்டிகள் வராமல் நின்றனவா? காளான் கதை நின்றதா? எழுதி வைக்காத சான்றை எவரும் தமதென்று சொல்லலாம். எந்தக் காணியில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பாண்டத்தோடு ஒரு மணி கிடைத்தது என்று பதிந்து வைத்துவிட்டால், அதன் கதையை மாற்றிச் சொல்வது எளிதன்று. மறைத்தல் நம்மைக் காக்காது, பதிதலே காக்கும்.

கீழடி காட்டும் வழி

மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில், கீழடி என்னும் சிற்றூர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே முதலிற் குழி வெட்டியது அரசாங்க நிலத்தில் அன்று, தனியார் தென்னந்தோப்பில். தோட்டக்காரர் இசைந்தனர், ஆய்வு முடிந்தபின் குழிகளை மூடினர், தென்னைகள் நின்றன. பின்னர் மத்திய அரசாங்கத்தின் ஆர்வம் தளர்ந்தபோது, பொதுமக்களும் எழுத்தாளரும் நீதிமன்றமும் விடவில்லை. மாநிலத் தொல்லியல் துறை பணியை ஏற்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வூரிலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தனர். இன்று பாடசாலைப் பிள்ளை அங்கே சென்றால், பானை ஓட்டில் தன்னைப்போல் ஒருவன் கீறிவைத்த பெயரைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறது.

கந்தரோடையில் அவ்வாறு ஒரு வசதியை நாம் காணவில்லை. நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற் கந்தரோடைப் பொருள்கள் சில உண்டு. ஆனால் தூபியைப் பார்த்தவனை அங்கே போகச் சொல்வார் எவர்? அங்கே போனவனைக் கந்தரோடைக்கு அழைத்து வருவார் எவர்? பொருள் ஓரிடம், மண் ஓரிடம், அறிவு பல்கலைக்கழகத்தில் ஓரிடம். பார்வையாளனோ நடுவழியில் நிற்கிறான்.

செய்யவேண்டியவை

நமக்குத் தமிழ்நாட்டைப் போல் ஒரு மாநில அரசு இல்லை. ஆயினும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. பெரும் பணம் வேண்டாத நான்கு காரியங்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒரு சிறு கைந்நூல். பதினாறு பக்கம் போதும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மூன்றிலும் ஒரே செய்தியாக, எது அகழ்ந்து கண்டது, எது பின்னர் திருத்திக் கட்டியது, எது ஐதிகம் என்று பிரித்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் எழுதட்டும். வலிகாமம் தெற்குப் பிரதேச சபையார் அச்சிடட்டும்.

இரண்டாவது, வழிகாட்டிகள். விடுமுறை நாட்களில் பல்கலைக்கழக மாணவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் அங்கே நின்று வருவோரை வரவேற்கலாம். சிங்களம் பேசத்தெரிந்த நம் இளைஞர் தெற்கிலிருந்து வரும் முதியோரிடம் அவர்கள் மொழியிலேயே பேசட்டும். பூவேந்தி வந்த அந்த மூதாட்டி, "இங்கே வழிபட்டவர் தமிழ் பேசியோராகவும் இருந்திருக்கலாம் அம்மா" என்று அன்போடு சொல்லக் கேட்டால், கோபிப்பார் என்று நாம் நினைக்கவில்லை. ஆயிரம் மேடைப் பேச்சுச் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யவுங் கூடும்.

மூன்றாவது, கமக்காரருக்கு உறுதிமொழி. பயிர் செய்யும் காணியில் தொல்பொருள் கிடைத்தமையால் மட்டும் பயிர்ச்செய்கை தடைப்படாது என்றும், அகழ்வு தேவையாயின் போகத்துக்கும் போகத்துக்கும் இடையில், காணிக்காரரின் இசைவோடு, நட்டஈடு கொடுத்து, குழியை மூடிக் கொடுத்தே நடைபெறும் என்றும் எழுத்தில் வேண்டும். இதனைப் பாராளுமன்றத்தில் கேட்டுப் பெறுவது நமது பிரதிநிதிகளின் கடன். வழக்கறிஞர்கள் வாசகத்தை வரைந்து கொடுக்கட்டும்.

நான்காவது, ஒரு பதிவேடு. கண்டெடுத்தவரின் இசைவோடு, பொருளின் படம், இடம், ஆழம் ஆகியவற்றைக் குறித்து, சட்டப்படி ஒப்படைப்பதற்கு உதவி செய்ய ஊரிலே நம்பிக்கையான ஓர் இடம் வேண்டும். பாடசாலை அதிபரோ கிராமிய நூலகரோ அதனைப் பொறுப்பேற்கலாம். தோண்டித் தேடுவதை நாம் தூண்டவில்லை. அது சட்டவிரோதம், மண்ணடுக்கையும் குலைக்கும். கொத்தும்போது தானாக வருவதை வேலியில் எறியாதீர் என்று மட்டுமே வேண்டுகிறோம்.

உத்தியோகம் பார்க்கும் நண்பர்களே! உங்கள் பிள்ளைகளை நல்லூருக்கும் கீரிமலைக்கும் கூட்டிச் செல்கிறீர்கள்; கோட்டையைக் காட்டுகிறீர்கள். போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் கட்டிய கோட்டையைக் காட்டத் தெரிந்த நமக்கு, அவர்கள் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் எழுந்த ஊரைக் காட்டத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தரோடைக்குச் செல்லுங்கள். போகுமுன் ஒரு மணி நேரம் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் தோட்டத்து மண்ணில் வரும் அந்தக் கறுத்த ஓடு, உங்களுக்கு முன் அதே நிலத்தில் உலைவைத்த ஒரு குடும்பத்தின் சோற்றுப்பானை. அவர்களுக்காகச் சாட்சி சொல்ல அந்த ஓட்டைத் தவிர வேறு ஒன்றும் இன்று இல்லை.

அந்தச் சிறுவன் மறுபடியும் ஒரு நாள், ஒருவேளை தன் பிள்ளையோடு, கந்தரோடைக்கு வருவான். அப்பொழுதும் வாசலில் வீட்டுக்காரர் இல்லாதிருந்தால், தகப்பன் சொன்ன விடையையே அவன் தன் பிள்ளைக்கும் சொல்லுவான். அதற்குமுன் நாம் வாசலுக்கு வந்து நிற்கவேண்டும். வலிகாமம் தெற்குப் பிரதேச சபையார் தமது அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்வார்களா?